நாலு மைல் நடந்தால்தான் கடல்: சாண்ட்வுட் விரிகுடா பற்றி வாசகர் கேள்வி – பதில்

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில், சதர்லாந்துக் கடற்கரையில், கேப் ராத் முனைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது சாண்ட்வுட் விரிகுடா. அங்கே போக நினைக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

கோவை வாசகர்: ஸ்காட்லாந்து என்றால் எல்லாரும் ஸ்கை தீவுக்கும் லோக் நெஸ்ஸுக்கும்தான் போகிறார்கள். சாண்ட்வுட்டில் அப்படி என்ன இருக்கிறது?

கடை, ஹோட்டல், நடைபாதை, விளக்குக் கம்பம் எதுவும் இல்லை. சுமார் 2.4 கிலோமீட்டருக்கு இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட மணல் நீண்டு கிடக்கிறது. அதன் பின்னால் புல் முளைத்த மணல்மேடுகள். அவற்றுக்கும் பின்னால் சாண்ட்வுட் லோக் என்ற நன்னீர் ஏரி. ஏரி நீர் கடற்கரையின் வடகோடியில் மணலை வெட்டிக்கொண்டு கடலில் விழுகிறது. தென்கோடியில் செங்குத்தான பாறைச்சரிவு. அதன் காலடியில், கடலுக்குள் தனியாக நிற்கிறது ஆம் புவாகல் என்ற 65 மீட்டர் உயரப் பாறைத்தூண்.

இவ்வளவு அழகான இடம் அமைதியாக இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: கார் போகும் சாலை சுமார் 6.5 கிலோமீட்டர் முன்னாலேயே பிளேர்மோர் என்ற சிற்றூரில் நின்றுவிடுகிறது. மிச்ச தூரத்தை நடந்தே கடக்க வேண்டும். 1993-இல் இந்த எஸ்டேட்டை வாங்கிய ஜான் மியூர் டிரஸ்ட் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு பாதையைச் செப்பனிட்டுப் பராமரிக்கிறது. கடற்கரை வரை வண்டி விடும் வேலையைச் செய்யவில்லை. செய்யாதவரை சாண்ட்வுட் சாண்ட்வுட்டாகவே இருக்கும்.

ஹாரோ வாசகி, லண்டன்: இந்தியாவிலிருந்து அண்ணன் குடும்பம் வருகிறது. இன்வர்னெஸ்ஸில் கார் எடுத்து அண்ணனே ஓட்டலாமா? வழி எப்படி?

சுற்றுலாவுக்கு வருபவர் இந்திய ஓட்டுநர் உரிமத்தை வைத்து பிரிட்டனில் 12 மாதம் வரை சிறு வாகனம் ஓட்டலாம். ஆனால் வாடகைக்கார் நிறுவனங்கள் வயது, உரிமம் எடுத்து எத்தனை ஆண்டு என்று தனி நிபந்தனை வைத்திருக்கும். அதை முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் அதையும் அப்போதே சொல்ல வேண்டும்.

இன்வர்னெஸ்ஸிலிருந்து ஏ9 நெடுஞ்சாலையில் வடக்கே போய், ஏ836-இல் திரும்பி போனார் பிரிட்ஜ், லெய்ர்க். லெய்ர்க்கைத் தாண்டியதும் ஏ838 பிரியும்; அது லோக் ஷின் ஏரிக்கரையோடு லாக்ஸ்ஃபோர்ட் பிரிட்ஜுக்கும் அங்கிருந்து ரிகோனிக்குக்கும் போகும். ரிகோனிக்கில் இடது பக்கம் பி801 பிடித்தால் கின்லோக்பெர்வி என்ற மீன்பிடித் துறைமுகம். அதற்குமேல் ஆறு கிலோமீட்டர் போல ஓல்ட்ஷோர்மோர் வழியாக பிளேர்மோர். மொத்தம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மேப்பில் இரண்டரை மணி நேரம் என்று காட்டினாலும் மூன்று மணிக்குமேல் ஒதுக்குங்கள். லெய்ர்க்கிலேயே டாங்க் நிரப்பிவிடுவது நல்லது.

லெய்ர்க்குக்கு மேல் பெரும்பாலும் ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுள்ள சாலை; அதிலேயே இரு திசையிலும் வண்டிகள் வரும். அங்கங்கே 'பாஸிங் பிளேஸ்' என்று பலகை வைத்த அகலமான இடம் இருக்கும். எதிரே வண்டி வந்தால், அந்த இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே, உங்கள் பக்கத்திலேயே நின்றுவிடுங்கள். எதிரில் வருபவர் வளைந்து போய்விடுவார். வலப்பக்கம் தாவி ஒதுங்குவதுதான் புதிதாக வருபவர்கள் அடிக்கடி செய்கிற தவறு. பின்னால் வருகிறவர் உள்ளூர்க்காரராக இருப்பார், வேலைக்கு அவசரமாகப் போவார். அவருக்கும் ஒதுங்கி வழி விடுங்கள். போட்டோ எடுக்கவோ சாப்பிடவோ அந்த இடத்தில் வண்டியை நிறுத்தவே கூடாது. ஆடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். குட்டி ஒரு பக்கமும் தாய் மறுபக்கமும் நின்றால் குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும்.

திருச்சி வாசகர்: பாதை கடினமா? எவ்வளவு நேரம் ஆகும்? என்ன எடுத்துப்போக வேண்டும்?

பெரிய ஏற்றம் கிடையாது. களைப்பு வருவது தூரத்தாலும் காற்றாலும்தான்.

பிளேர்மோரில் வண்டி நிறுத்துமிடமும் கழிப்பறையும் இருக்கின்றன. நிறுத்துமிடத்துக்கு நன்கொடை போட்டுவிட்டுப் போங்கள். சாலைக்கு மறுபக்கம் உள்ள கேட்டைத் தாண்டினால் பாதை தொடங்குகிறது. முதற்பாதி வண்டித்தடம் மாதிரி அகலமான சரளைப் பாதை. இருபக்கமும் திறந்த சதுப்புவெளி, ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு ஏரிகள். இந்தப் பகுதி கொஞ்சம் சலிப்பூட்டும் என்பது உண்மை. 'இதற்கா இவ்வளவு தூரம்' என்று சிலர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். இரண்டாம் பாதியில் தடம் குறுகி ஒற்றையடிப் பாதையாகிறது. ஈரமான இடங்களில் கல் பாவியிருக்கும், சிற்றோடைகளில் மிதிகற்கள் போட்டிருக்கும். கடைசி ஒரு கிலோமீட்டர் வரை கடற்கரை கண்ணில் படாது. பாதை ஒரு மேட்டைச் சுற்றி இறங்கத் தொடங்கும்போது, கீழே ஏரியும் மணல்மேடும் வெள்ளை அலைக்கோடும் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும்.

போக இரண்டு மணி, வர இரண்டு மணி, அங்கே இரண்டு மணி. ஆக ஆறு மணி நேரம். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பத்தரை ஆகிவிடும். பிற்பகலில் கிளம்பினாலும் பாதகமில்லை. டிசம்பரில் ஒன்பது மணிக்கு விடிந்து மூன்றரைக்கு இருட்டிவிடும். அந்த மாதம் ஆறு மணி நேரக் கணக்கு சரிப்படாது. அக்டோபரில் மதியத்துக்குமேல் கிளம்புகிறவர்கள்தான் திரும்பும் வழியில் இருட்டில் சதுப்புக்குள் கால் விடுகிறார்கள். எந்த மாதமானாலும் தலையில் மாட்டும் டார்ச் ஒன்று பையில் இருக்கட்டும்.

கணுக்கால் மூடும் நீர்புகாத பூட்ஸ், மழைக்கோட்டு, மழை பேண்ட், தொப்பி, கையுறை. இவை ஜூலையிலும் வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாது, காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கோடையிலும் அங்கே பகல் வெப்பம் 15 டிகிரியைச் சுற்றித்தான். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், பிளாஸ்கில் சூடாக டீ. சாதம் குளிரில் விறைத்துப்போகும். சப்பாத்தியில் காய் சுருட்டி எடுத்துப்போவது உத்தமம். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 446 வரைபடம் இந்தப் பகுதிக்கானது. போன் சிக்னலை நம்ப முடியாது என்பதால் காகித வரைபடமே வைத்திருங்கள். பிரிட்டன் சிம் இருந்தால், கிளம்பும் முன் 999-க்கு 'ரெஜிஸ்டர்' என்று ஆங்கிலத்தில் குறுஞ்செய்தி அனுப்பி, வரும் வழிமுறைப்படி பதிந்துகொள்ளுங்கள். பேச முடியாத அளவு சிக்னல் பலவீனமாக இருந்தாலும் குறுஞ்செய்தி போய்விட வாய்ப்புண்டு.

சேலம் வாசகி: எந்த மாதம் நல்லது? பூச்சித் தொல்லை பற்றிப் பயமுறுத்துகிறார்களே?

மே மாதமும் ஜூன் முதல் பாதியும். வடமேற்கு ஹைலண்ட்ஸில் ஆண்டிலேயே மழை குறைந்த காலம் அது. பகல் நீளம், பூச்சி இன்னும் பெருகியிருக்காது.

மிட்ஜ் என்பது ஓரிரு மில்லிமீட்டர் அளவுள்ள பொடிப்பூச்சி. கடிப்பது பெண்பூச்சி மட்டும். நாம் விடும் மூச்சுக்காற்றை மோப்பம் பிடித்துக் கூட்டமாக வரும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அதன் ஆட்சி. விடிகாலை, அந்தி, காற்றில்லாத மேகமூட்டமான பகல், இவைதான் மோசமான நேரங்கள். காற்று மணிக்கு 11 கிலோமீட்டருக்குமேல் வீசினால் அதனால் பறக்க முடியாது. அதனால்தான் திறந்த மணற்பரப்பில் தப்பித்துவிடுவோம். ஏரிக்கரையிலும் மணல்மேட்டு மறைவிலும் மாட்டிக்கொள்வோம். தலையை மூடும் சிறுகண் வலை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பூசும் மருந்துகளில் டீட் அல்லது பிகாரிடின் கலந்தது பலன் தரும்.

மிட்ஜ் தொல்லை மட்டும்தான் தரும். உண்ணி அப்படியல்ல; லைம் நோயைப் பரப்பக்கூடியது. புதர்ச்செடிகளுக்குள் நடக்கும்போது பேண்ட் காலைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். இரவு குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப்பட்டி இடம், குழந்தைகளுக்குக் காதுப்பின்புறம் பாருங்கள். ஒட்டியிருந்தால் உண்ணி எடுக்கும் கொக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து எடுக்க வேண்டும். எண்ணெய் வைப்பதும் நெருப்பால் சுடுவதும் கூடாது. சில நாள் அல்லது சில வாரம் கழித்து அந்த இடத்தைச் சுற்றிச் சிவந்த வட்டம் பரவினால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

மதுரை வாசகர்: அம்மா அப்பாவுக்கு 70 வயதுக்குமேல். அவர்களால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. வேறு வழி?

அவர்களுக்கு ஓல்ட்ஷோர்மோர் கடற்கரையைக் காட்டுங்கள். பிளேர்மோருக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது. வண்டியை நிறுத்திச் சில நிமிட நடையில் மணலுக்கு இறங்கிவிடலாம். சாண்ட்வுட் அளவு பிரம்மாண்டம் இல்லை. ஆனால் வெள்ளை மணலும் பச்சை நீரும் சேர்ந்த அந்தச் சிறு விரிகுடாவை இரண்டாம்தரம் என்று சொல்ல மாட்டோம். பக்கத்தில் போலின் என்ற இன்னும் சின்னக் கடற்கரையும் உண்டு.

ஓல்ட்ஷோர்மோரில் மணலுக்குப் பின்னால் உள்ள புல்வெளியைக் குனிந்து பாருங்கள். அதன் பெயர் மஹர். சிப்பித்தூள் கலந்த மணலைக் காற்று பல ஆயிரம் ஆண்டுகளாக உள்ளே தூவியதால், அமிலத்தன்மை கொண்ட சதுப்பு மண்மேல் சுண்ணாம்புச் சத்துள்ள மெல்லிய மண் படிந்திருக்கிறது. ஜூன், ஜூலையில் அந்தப் புல்லுக்குள் மஞ்சள் அவரையினப் பூக்களும் ஊதா ஆர்க்கிட்களும் குளோவரும் விரல் உயரத்தில் நெருக்கியடித்துப் பூத்திருக்கும். உள்ளூர்க் குடியானவர்கள் கால்நடையை எப்போது மேய்ப்பது, எப்போது நிறுத்துவது என்று கணக்காகச் செய்வதால்தான் அது நீடிக்கிறது. அதனால் கேட்டை எப்படிக் கண்டீர்களோ அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

தூத்துக்குடி வாசகர்: அந்தப் பாறைத்தூணுக்குப் பக்கத்தில் போகலாமா? கடலில் குளிக்கலாமா?

கடற்கரையில் நின்றே தூணைப் பார்க்கலாம். இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால், தெற்குப் பக்க மேட்டில் ஏறிப் பாறைச்சரிவின் உச்சிக்குப் போக வேண்டும். விளிம்பிலிருந்து பல அடி தள்ளியே நில்லுங்கள். புல் கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் பாறை அரிக்கப்பட்டு வெறுமையாக இருக்கலாம். கீழே, தூணின் காலடிக்குப் போவதைச் சுற்றுலாப் பயணிகள் நினைக்கவே வேண்டாம். கடல் நன்றாக வற்றும் நேரத்திலும் நடுவே ஒரு நீர்ச்சந்து இருக்கும். பாறையேறும் வீரர்கள் அதை நீந்திக் கடக்கிறார்கள். கடல்நீர் மறுபடி ஏறத் தொடங்குமுன் அவர்கள் திரும்பியாக வேண்டும்.

குளியல் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறோம். உயிர்காப்பாளர் கிடையாது, ஆட்களும் அரிது, ஆகஸ்டிலும் நீரின் வெப்பம் 13 டிகிரி அளவில்தான். அட்லாண்டிக் அலை நேராக வந்து அடிக்கிறது. அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கும் வரிசையில், நடுவே ஓரிடம் மட்டும் நுரையில்லாமல் கருமையாக, அமைதியாகத் தெரிந்தால் அது குளிக்க ஏற்ற இடம் என்று தோன்றும். உண்மையில் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் அங்கேதான். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாமல், மிதந்து மூச்சைச் சீராக்கி, கரைக்கு இணையாக நீந்தி விலகுங்கள். ஏரி நீர் கடலில் சேரும் வடகோடியும் ஆகாது. குழந்தைகளோடு போனால் கணுக்கால் அளவோடு நிற்பதே எங்கள் யோசனை. ஆபத்தென்றால் 999, 'கோஸ்ட்கார்டு' என்று கேளுங்கள்.

நாகர்கோவில் ஆசிரியை: மணல் ஏன் இளஞ்சிவப்பு? எங்கள் ஊர் மணல் போல் தாதுமணலா?

இல்லை. தெற்குப் பக்கம் நிற்கும் பாறைச்சரிவும் தூணும் டாரிடோனியன் மணற்பாறை. ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகியது. மணிகளின்மேல் மெல்லிய இரும்பு ஆக்சைடு பூச்சு இருப்பதால் சிவப்பு. அந்தப் பாறை உதிர்ந்ததோடு வெள்ளைச் சிப்பித்தூள் கலந்ததுதான் அந்த இளஞ்சிவப்பு. மணல் ஈரமாக இருக்கும்போது நிறம் எடுப்பாகத் தெரியும், காய்ந்தால் வெளுத்துவிடும். சரிவின் முகத்தை உற்றுப் பார்த்தால் படுக்கைவசக் கோடுகளுக்கு இடையில் சாய்ந்த கோடுகளும் தெரியும். பழைய ஆறு எந்தத் திசையில் ஓடியது என்பதை அவற்றிலிருந்து படிக்கிறார்கள்.

இந்த மணற்பாறைக்கு அடியில் இருப்பது இன்னும் பழையது. லூவிசியன் நெய்ஸ் என்ற அந்தப் பாறையில் சில பகுதிகள் 300 கோடி ஆண்டு வயதுள்ளவை. ஓல்ட்ஷோர்மோர், அதற்கு அருகிலுள்ள ஷீக்ரா பக்கம் சாம்பல், கறுப்பு, ரோஜா நிறப் பட்டைகள் மடிந்து நெளிந்து கிடப்பது அதுதான். தூண் பிறந்தது எப்படி என்றால், மணற்பாறையில் செங்குத்து வெடிப்புகள் உண்டு. அலை அவற்றின் வழியே நுழைந்து அகலப்படுத்தி ஒரு துண்டைச் சரிவிலிருந்து பிரித்துவிட்டது.

மாணவர்களுக்குச் சொல்ல இன்னொன்று: பாதையோரச் சதுப்பில், கட்டைவிரல் நகத்தைவிடச் சிறிய சிவந்த கரண்டி இலைகள் தரையோடு ஒட்டியிருக்கும். ஒவ்வொரு இலையிலும் மயிர்போன்ற இழைகள், நுனியில் பளபளக்கும் துளி. பூச்சி தின்னும் டிரோசெரா செடி. சதுப்பு மண்ணில் நைட்ரஜன் போதாததால் அதைப் பூச்சிகளிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. இதன் சொந்தங்கள் நீலகிரிப் புல்வெளிகளிலும் உண்டு.

பெங்களூரு வாசகர்: கடற்கரையில் கூடாரம் போட்டு இரவு தங்க அனுமதி வேண்டுமா?

தனி அனுமதி வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொண்டால் திறந்தவெளியில் நடக்கவும் கூடாரமிடவும் எல்லாருக்கும் உரிமை தருகிறது. பொறுப்பு என்பதற்குத்தான் விவரம் தேவை.

நீளப்புல் நிற்கும் மணல்மேட்டின் மேல் கூடாரம் போடாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அந்தப் புல்லின் வேர்தான். அது மிதிபட்டால் காற்று மேட்டையே தோண்டிவிடும். மேட்டுக்குப் பின்னால் உள்ள குட்டைப்புல் தரையே சரியான இடம். சாதாரண ஆணி மணலில் நிற்காது; அகலமான மணல் ஆணி கொண்டுபோங்கள். காற்று மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு இருந்தால் அன்று தங்க வேண்டாம். பறக்கும் மணல் ஜிப்புக்குள் புகுந்து பல்லைக் கெடுத்துவிடும், பிறகு கதவு மூடாது.

ஓடைத் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும். அது சதுப்பு மண்ணின் நிறம், கெடுதல் இல்லை; ஆனால் மேலே ஆடு செத்துக் கிடக்கலாம். துணியில் வடித்து, கொதிக்கவிட்டுக் குடியுங்கள். துணியில் வடிக்காமல் நேரே பில்டரில் விட்டால் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மலம் கழிக்க ஏரி, ஓடையிலிருந்து 30 மீட்டராவது தள்ளி, சிறு மண்வாரியால் குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தையும் ஈரத்துடைப்பானையும் புதைக்காமல் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவாருங்கள். நெருப்பு மூட்டாமல் கேஸ் அடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். சதுப்பு மண்ணே எரிபொருள்; பிடித்துக்கொண்டால் அடியிலேயே நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும்.

கூடாரம் இல்லாதவர்கள் வடக்கே ஸ்ட்ராத்கைலக் குடிலில் தங்கலாம். மவுண்டன் பாதீஸ் அசோசியேஷன் பராமரிக்கும் இலவசக் குடில். படுக்கை, மின்சாரம் எதிர்பார்க்கக் கூடாது. அங்கே 30 ஆண்டுகளுக்குமேல் தனியாக வாழ்ந்த ஒருவர் தீட்டிய சுவரோவியங்கள் இன்னும் இருக்கின்றன.

சென்னை வாசகர்: சாண்ட்வுட்டிலிருந்து கேப் ராத் கலங்கரை விளக்கம் வரை நடந்துவிடலாமா?

நல்ல பழக்கமுள்ளவர்களால் முடியும். சுமார் 11 கிலோமீட்டர், பாதையே இல்லாத சதுப்பு, நாலைந்து மணி நேரம். வழியில் ஆறுகளைக் காலால் கடக்க வேண்டும். கனமழைக்குப் பின் அவை கடக்க முடியாதபடி பெருகிவிடும். அதைவிட முக்கியம், கேப் ராத் பகுதி ராணுவத்தின் குண்டுவீச்சுப் பயிற்சிக் களம். பயிற்சி நாட்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள். சிவப்புக்கொடி பறந்தால் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது.

மற்றவர்களுக்குச் சுலப வழி வடகரையிலுள்ள டர்னஸ் என்ற ஊர்ப் பக்கம் உள்ளது. கியோல்டேலில் சிறு படகில் ஏறி மறுகரை போனால் மினிபஸ் 18 கிலோமீட்டர் கொண்டுபோய் விடும். கோடையில் மட்டும்தான் ஓடும். காற்று பலமானாலும் பயிற்சி நடந்தாலும் நின்றுவிடும். கலங்கரை விளக்கம் 1828-இல் ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டியது. அதற்குக் கிழக்கே உள்ள குளோ மோர், 281 மீட்டரில், பிரிட்டன் பெருநிலத்தின் மிக உயரமான செங்குத்துக் கடலோரப் பாறைச்சரிவு.

ஈரோடு வாசகி: பேய் உலவும் கடற்கரை என்கிறார்களே!

ஏரிக்கு மேலே ஒரு பாழடைந்த கல்வீடு இருக்கிறது. தாடி வைத்த மாலுமி ஒருவர் பித்தளைப் பொத்தான் கோட்டோடு அதைச் சுற்றி வருவார் என்பது பழைய கதை. 1900-இல் ஒரு குடியானவர் இங்கே கடற்கன்னியைப் பார்த்ததாகச் சொன்ன கதையும் உண்டு. கலங்கரை விளக்கம் வருமுன் இந்தக் கரையில் கப்பல்கள் நிறைய உடைந்தன. கதைகளுக்கு அடிப்படை அந்தச் சாவுகள்தான். நிஜமாகவே மணலுக்குள் ஒன்று புதைந்திருக்கிறது: 1941-இல் இங்கே விழுந்த ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் எஞ்சின். புயல் மணலை வாரிப்போனால் சில சமயம் தலைகாட்டும்.

சிங்கப்பூர் வாசகர்: படம் எடுக்க எந்த நேரம்?

கடற்கரை வடமேற்கைப் பார்த்திருக்கிறது. ஜூனில் சூரியன் வடமேற்கிலேயே விழுவதால் கடலுக்குள் மறைவதை மணலிலிருந்தே எடுக்கலாம். குளிர்காலத்தில் தென்மேற்கில், தெற்கு மேட்டுக்குப் பின்னால் இறங்கிவிடும். மணல் சீக்கிரமே நிழலாகிவிடும். கடல் வற்றும் நேரத்தில் ஈரமணலில் வானம் பிரதிபலிக்கும். லென்ஸில் உப்புத்துளி படிந்துகொண்டே இருக்கும். துடைக்கும் துணி இரண்டு வையுங்கள். கடற்பறவைகள் முட்டையிடும் மே முதல் ஜூலை வரை டிரோன் வேண்டாம்.

புதுச்சேரி வாசகர்: அந்தப் பக்கம் போனால் கூடுதலாக ஒரு நாள் இருக்கிறது. என்ன பார்க்கலாம்?

மழை நாளாக இருந்தால் டர்னஸ் அருகே ஸ்மூ குகை. முதல் அறைக்குக் கட்டணம் இல்லை. இரண்டாம் அறைக்குள் கூரை ஓட்டை வழியாக ஆறு சுமார் 20 மீட்டர் கீழே விழுகிறது. மழைக்குப் பின் பார்த்தால்தான் அதன் வேகம் புரியும். காற்றில்லாத தெளிந்த நாளாக இருந்தால் தார்பெட் என்ற சிற்றூரிலிருந்து படகில் ஹேண்டா தீவு. 1848-இல் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பின் மக்கள் விட்டுப்போன தீவு. இப்போது ஸ்காட்டிஷ் ஒயில்ட்லைஃப் டிரஸ்ட் பார்த்துக்கொள்கிறது. மே கடைசி முதல் ஜூலை நடுப்பகுதி வரை பாறைத்திட்டுகளில் கில்லிமாட் பறவைகள் தோளோடு தோள் நிற்கும். ஆகஸ்டில் போனால் அவை கிளம்பியிருக்கும். படகு சிறியது, கடலைப் பொறுத்து நிற்கும். அன்று காலையே ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டு வண்டியை எடுங்கள். வழியில் செத்த பறவை கிடந்தால் தொடாதீர்கள். 2022-இல் பறவைக்காய்ச்சல் இந்தக் கரையின் பெரிய ஸ்குவா என்ற கடற்பறவைகளை ஏராளமாகக் கொன்றது.